டிரான்ஸ்மிட்டர்ப் பொருத்தம்: ஓர் ஆய்வு

மாடல் விமானம் விடுகிற ஒருவர், அதைத் தரையிலிருந்து இயக்கும் டிரான்ஸ்மிட்டராக ஃபுடாபா வாங்குவதும், ஸ்பெக்ட்ரம் வாங்குவதும், ஃப்ளைஸ்கையோடு திருப்தி அடைவதும் எதனால்? அறிவினால் என்பார் ஒரு சாரார். பணத்தினால் என்பார் மறு சாரார். இரண்டையும் இவ்வாய்வாளன் மறுக்கிறான். டிரான்ஸ்மிட்டர் பிராண்டு குலதெய்வம் மாதிரி. யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, வாய்க்கிறது.

சான்று வருமாறு. ஞாயிறு காலை மைதானத்தில் புதுப்பையன் ஒருவன், "எந்த பிராண்டு நல்லதுண்ணே?" என்று கேட்டான். ஐந்து பேர் ஐந்து பதில் சொன்னார்கள். நால்வர் சொன்னது அவரவர் கழுத்துப்பட்டையில் தொங்கியது. ஐந்தாமவர் மட்டும் வேறொன்றைச் சொன்னார். விசாரித்ததில், அதே பிராண்டில் பழையது ஒன்று அவர் வீட்டில் விற்பனைக்கு இருந்தது.

இனி வரலாறு. 1898-இல் நியூயார்க்கில் டெஸ்லா சிறு படகு ஒன்றை வானொலி அலையால் ஓட்டிக் காட்டினார். போட்டிக் கம்பெனி இல்லாததால் அவருக்கு இந்தக் குழப்பம் இல்லை. பின்னாளில், சேனலைக் கிரிஸ்டல் நிர்ணயித்த காலம். அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ். ஒரே சேனலில் இருவர் சுவிட்சைப் போட்டால் விமானம் விழும். ஆகவே சேனல் எண் எழுதிய துணிக்கிளிப்பு யாரிடம் இருக்கிறதோ அவரே அந்த நேரத்து ராஜா. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்து இந்தச் சேனல் சண்டையைத் தீர்த்தது. பொருத்தச் சண்டையைத் தொடங்கி வைத்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி மொழி. டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் 'பைண்ட்' செய்யப் பத்துப் பொருத்தமும் வேண்டும். ஃபுடாபாவிலேயே ஃபாஸ்ட் ரிசீவருக்கும் எஸ்-எஃப்எச்எஸ்எஸ் டிரான்ஸ்மிட்டருக்கும் ஜாதகம் சேராது. டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான், விமானம் ஆறு, ரிசீவரும் ஆறு. பிராண்டு மாறுகிறவர் ஆறையும் மாற்ற வேண்டும். ஆகவே யாரும் மாறுவதில்லை. பிறரை மாறச் சொல்வதோடு சரி.

பந்தி வரிசையிலும் பேதம் உண்டு. ஃபுடாபா வழக்கில் முதல் சேனல் பக்கம் சாய்க்கும் அய்லரான், பிறகு மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், மூன்றாவதுதான் வேகத்துக்கான த்ராட்டில். ஸ்பெக்ட்ரம் வழக்கில் த்ராட்டில்தான் முதலில். இலையில் முதலில் வைப்பது பாயசமா பருப்பா என்பதைப் போன்ற கேள்வி இது; இரு தரப்புக்கும் வயிறு நிறைகிறது, வாய்தான் ஓயவில்லை.

இவற்றைவிட ஆழமானது மோட் பிரச்சினை. த்ராட்டில் வலக்கையில் இருந்தால் மோட் 1, இடக்கையில் இருந்தால் மோட் 2. ஜப்பானில் பெரும்பாலும் முன்னது, அமெரிக்காவில் பின்னது. வடகலை தென்கலை என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும். இங்கேதான் ஆய்வின் மையம் இருக்கிறது. குரு தன் டிரான்ஸ்மிட்டரையும் சிஷ்யன் டிரான்ஸ்மிட்டரையும் ஒரு கேபிளால் இணைத்துக்கொள்வார். பையன் தடுமாறினால் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். ஒரே பிராண்டாக இருந்தால் இணைப்பதில் வில்லங்கம் இல்லை. ஒரே மோடாக இருந்தால் குரு அவன் குச்சியைத் தொட்டே காட்டலாம். அன்றே அவன் பிராண்டு முடிவாகிவிட்டது. சிறப்பம்சப் பட்டியலை அவன் அப்புறம்தான் படிக்கிறான், சமாதானத்துக்காக.

அண்மையில் பல மொழி பேசும் ரேடியோமாஸ்டர் வகையறா வந்திருக்கிறது. எம்மதமும் சம்மதம். அதை வைத்திருப்போர் மைதானத்துக்கு வருகிறார்கள். ஆனால் பெரும்பொழுது மெனுவுக்குள் இருக்கிறார்கள்.

எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்கக் கூடாது. என் புது விமானம் எழும்பிய நொடியில், வலப்பக்கம் சாய்க்க இடப்பக்கம் சாய்ந்து தென்னையில் போய் உட்கார்ந்தது. "சிக்னல் போச்சு!" என்று கத்தினேன். மூன்று வாரம் டிரான்ஸ்மிட்டர்க் கம்பெனியைத் திட்டினேன். மரம் ஏற ஆள் கிடைத்து இறக்கிப் பார்த்தபோது சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. அய்லரான் தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தது. கிளப்புவதற்கு முன் குச்சியை ஆட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்புமுன், பக்கத்தில் நின்று சொல்லித் தரப் போகிறவர் மோட் 1-ஆ மோட் 2-ஆ என்று கேட்டுக்கொண்டு போங்கள்.