டிராக்டர் சக்கரத்துக்குப் பிடிப்பு: வாசகர் கேள்வி, நம் பதில்

தாம்பரத்தில் பனியே கொட்டாது. டிராக்டர் டயருக்குச் சங்கிலி மாட்டுவதைப் பற்றி இங்கே யாருக்குக் கவலை?
(வாசகர், சேலையூர்)

மார்கழி, தையில் மணிமங்கலம், சோமங்கலம் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். நவரைப் பட்டத்துக்குச் சேற்றுழவு நடக்கும். கனடாவில் பனி வழுக்குகிறது, இங்கே களிமண் வழுக்குகிறது. எஞ்சினின் வலு முழுவதும் சக்கரம் தரையைத் தொடும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் இறங்க வேண்டும். அங்கே பிடிப்பு இல்லையென்றால் ஐம்பது குதிரைத் திறனும் டீசல் புகையாகத்தான் போகும்.

மகன் கனடாவில் வீட்டுப் பாதையில் பனி தள்ளச் சின்ன டிராக்டர் வாங்கியிருக்கிறான். சங்கிலியை எப்படி மாட்டுவது என்று என்னைக் கேட்கிறான். நான் யாரைக் கேட்பேன்?
(வாசகி, பெருங்களத்தூர்)

நம்மைக் கேட்டதே சரி, அம்மா. முதலில், எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அதற்குத்தான் சங்கிலி. இரு சக்கர இயக்க டிராக்டர் என்றால் பின்சக்கரம். சங்கிலியைத் தரையில் நீளமாக விரித்து முறுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். குறுக்குக் கண்ணிகளின் கொக்கி வாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். டயரைப் பார்த்தபடி மாட்டினால் ரப்பரைக் குதறிவிடும். டயரின் மேல் போர்வை மாதிரி போர்த்தி, வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு முனைகளும் கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுக் குனியட்டும். உள்பக்கக் கொக்கி முதலில், வெளிப்பக்கம் பிறகு.

பலர் கோட்டை விடுவது இதற்கு அப்புறம்தான். கையால் இறுக்கியதோடு வேலை முடிவதில்லை. சிறிது தூரம் உருட்டினால் சங்கிலி டயரின் பள்ளங்களில் உட்கார்ந்து தளர்ந்துவிடும். மறுபடி நிறுத்தி, தளர்ந்த கண்ணிகளை இழுத்து இறுக்க வேண்டும். சக்கரத்தைக் கையளவு சுற்றிப் பார்த்து மட்கார்டில் எங்கும் உரசவில்லை என்பதை உறுதி செய்யட்டும். காற்றை இறக்கி மாட்டிவிட்டு மறுபடி ஏற்றும் குறுக்கு வழி வேண்டாம். சங்கிலி டயரின் பக்கச் சுவரை அழுத்திக் காயப்படுத்தும். பனி தீர்ந்த தரையில் சங்கிலியோடு ஓடினால் தரையும் கெடும், சங்கிலியும் தேயும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பின்னால் பிடிப்பு கூடியிருக்கிறது, முன்சக்கரம் இன்னும் வழுக்கத்தான் செய்யும். திருப்பங்களில் நிதானம் வேண்டும்.

ஜனவரியில் காரிலேயே மணாலி போகிறோம். சங்கிலி முன்னாலா, பின்னாலா?
(வாசகர், குரோம்பேட்டை)

நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம்; ஆகவே முன்னால். பனி கொட்டும் நாட்களில் அடல் சுரங்கப்பாதைப் பக்கம் நான்கு சக்கர இயக்க வண்டியையோ சங்கிலி மாட்டிய வண்டியையோதான் போலீசார் விடுவது வழக்கம். மாட்டும் பயிற்சியைக் குரோம்பேட்டை வெயிலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கை விறைத்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது.

நம் வயலுக்கும் அதே சங்கிலியை மாட்டினால் என்ன?
(விவசாயி, மணிமங்கலம்)

கண்ணிகளுக்குள் களிமண் அப்பிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் சக்கரம் சேற்று உருண்டையாகிவிடும். சேற்றுழவுக்கு நமக்கு இருப்பது கேஜ் வீல். இரும்புப் பட்டைகள் சேற்றைக் கலக்கி அடியில் போய்ப் பிடிக்கும். டயருக்குப் பக்கத்தில் சேர்த்து மாட்டும் அரைக் கேஜ் வீல் என்றால் அகலமும் கூடும், வண்டி புதைவதும் குறையும்.

வயலிலிருந்து வயலுக்குப் போகக் கேஜ் வீலோடு தார் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டலாமா?
(வாசகர், படப்பை)

கூடாது. பட்டை ஒவ்வொன்றும் தாரைக் கொத்திக்கொண்டே போகும். அந்தக் குழியில் ராத்திரி பைக்கில் வருகிறவர் உங்கள் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

டயருக்குள் தண்ணீர் நிரப்புகிறார்கள். நல்லதா?
(வாசகர், மண்ணிவாக்கம்)

காய்ந்த நிலத்தில் கலப்பை இழுக்க நல்லது. எடை கூடும், பிடிப்பும் கூடும். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, முக்கால் பங்குக்கு மேல் போகாமல் நிரப்பி, மீதிக்குக் காற்று அடிக்க வேண்டும். குளிர் நாடுகளில் வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்று கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சேற்றுழவுக்கு இந்த எடை எதிரி, வண்டியைப் புதைத்துவிடும்.

எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடிய மண்ணில் தண்ணீர் டேங்கர் டிராக்டர் புதைந்தது. பின்சக்கரத்தில் கட்டையை வைத்துச் சங்கிலியால் கட்டி ஏற்றினார்கள். நல்ல யோசனையாகத் தெரிந்ததே?
(வாசகி, மாடம்பாக்கம்)

இல்லவே இல்லை. அந்த ஓட்டுநர் உயிரோடு இறங்கியது அதிர்ஷ்டம்.

சக்கரம் சுழல முடியாமல் பூட்டிக்கொண்டால் எஞ்சின் சும்மா இருக்காது. சக்கரத்தைச் சுற்ற வேண்டிய அதே வலு, பின் அச்சை மையமாக வைத்து வண்டியின் உடலையே சுற்றும். மூக்கு மேலே எழும். டிராக்டர் மல்லாந்து ஓட்டுநர் மேலேயே விழும். முழுதாகக் கவிழ ஒன்றரை வினாடிகூட ஆகாது. முக்கால் வினாடியிலேயே இனித் திருப்ப முடியாது என்ற கட்டம் வந்துவிடும். கிளட்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதற்காகத்தான் ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. நம் தெருக்களில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் ஓட்டுநரின் தலைக்கு மேல் வானம்தான்.

சரியான வழி இது. சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். டேங்கர் வால்வைத் திறந்து தண்ணீரை இறக்குங்கள். ஆயிரம் லிட்டர் ஒரு டன் எடை. குடத்தோடு வரச் சொன்னால் தெருவே ஓடி வரும். பிறகு டேங்கரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி, ரிவர்ஸில் மெல்ல எடுக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், அது நின்ற பிறகு, இரண்டு பின்சக்கரங்களையும் சேர்ந்து சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கை மிதிக்கலாம். திரும்புவதற்கு முன் விட்டுவிட வேண்டும். அப்படியும் வரவில்லையென்றால் இன்னொரு வண்டியை வைத்து இழுக்கலாம். இழுக்கும் வண்டியில் கயிறு தாழ்வாக, பின்னால் உள்ள இழுவைச் சட்டமான டிராபாரில் மட்டுமே கட்டப்பட வேண்டும். கயிறு அறுந்தால் சாட்டையாகப் பாயும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

உழும்போது சக்கரம் அதிகம் வழுக்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(விவசாயி, ஆதனூர்)

ஒரு சாக்பீஸ் போதும். பின் டயரில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையை இறக்கி உழுதபடி சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அடையாளம் வையுங்கள். அதே தூரத்தைக் கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டி எண்ணுங்கள். எட்டரைச் சுற்று வந்தால் வழுக்கல் 15 சதவீதம், ஏற்கலாம். ஏழு என்றால் எடை போதவில்லை, அல்லது கலப்பை அளவுக்கு மீறி ஆழமாக இறங்கியிருக்கிறது. டயர் தடத்தையும் பாருங்கள். ஓரத்தில் தெளிவாகவும் நடுவில் கலைந்தும் இருந்தால் சரி. முழுதும் அழிந்திருந்தால் வழுக்கல் அதிகம். அச்சு வார்த்ததுபோல் துல்லியமாக இருந்தால் தேவைக்கு மேல் எடை சுமக்கிறீர்கள்.

மறுபடி வெள்ளம் வந்தால் டிராக்டர் ட்ரெய்லரில் ஏறி வெளியேறலாமா?
(வாசகர், முடிச்சூர்)

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேங்கி நிற்கும் தண்ணீர், தெரிந்த ரோடு என்றால் டிராக்டர் நல்ல துணை. ஓடும் தண்ணீர் என்றால் படகுக்குக் காத்திருங்கள். அங்கே சக்கரப் பிடிப்பு பேச்சுக்கே உதவாது. காற்றடைத்த டயர்கள் மிதக்கப் பார்க்கும், ட்ரெய்லரை நீர் பக்கவாட்டில் தள்ளும். மட்கார்டிலும் டிராபாரிலும் யாரையும் ஏற்றாதீர்கள். வடிந்த பிறகு கியர் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

சொந்த டிராக்டர் இல்லை. நவரைக்கு என்ன செய்வது?
(விவசாயி, சோமங்கலம்)

வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குக் கொடுக்கிறது. உழவன் செயலியிலேயே பதியலாம். பதியும்போது சேற்றுழவு என்று மறக்காமல் சொல்லுங்கள். தனியாரிடம் எடுத்தால், கேஜ் வீலை ட்ரெய்லரில் ஏற்றி வந்து வரப்பு ஓரத்தில் வைத்து மாட்டும்படி முன்கூட்டியே பேசிவிடுங்கள்.