அந்துப்பூச்சிக்குக் கல்யாணம் ஆகாமல் தடுப்பது எப்படி?

முதலில் ஒரு தோட்டம் வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ரிட்டயர் ஆனவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஜீயபுரம், பெருகமணி பக்கம் ஒரு ஏக்கர் வாழை எப்படியும் கண்ணில் பட்டுவிடும். வாங்கிய கையோடு வாழையைப் பார்க்கப் போகாதீர்கள். நேரே பூச்சிமருந்துக் கடைக்குப் போய், "இயற்கை முறையில ஏதாவது குடுங்க" என்று கேளுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி தருவார்கள். எந்தப் பூச்சிக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் எல்லாம் சரியாக நடந்துவிடும், மேற்கொண்டு நான் எழுத ஒன்றும் இருக்காது.

பொறிக்குள் வைக்கும் லூரில், பெண் அந்துப்பூச்சி துணையை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகச் செய்து ஏற்றியிருப்பார்கள். 1959இல் ஜெர்மானிய விஞ்ஞானி பூட்டெனான்ட் முதன்முதலாக இப்படி ஒரு வாசனையைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன. உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. சட்டைப்பையில் போட்டு எடுத்து வரலாம். வேறு வேறு லூர்களை ஒரே கையால் நன்றாகத் தடவிப் பாருங்கள். வாசனை கலந்து எல்லாமே கெடும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைக்க வீட்டில் அனுமதி வாங்குவது எப்படி என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.

பொறியை வாழை நடுவே கட்டுங்கள். ஒன்றும் விழாது. இங்கே வாழையை அதிகம் படுத்துவது அந்துப்பூச்சியே அல்ல, கூன்வண்டு. ஒன்று கிழங்கைக் குடையும், இன்னொன்று தண்டை. கிழங்கு வண்டுக்கென்று தனி லூர் உண்டு; அதிலிருப்பது ஆண் வண்டின் வாசனை, அதைத் தேடி ஆணும் பெண்ணும் சேர்ந்தே வரும். தண்டு வண்டுக்கு அதுகூட வேண்டாம். தார் வெட்டிய மரத்தின் தண்டை நெடுக்கில் பிளந்து போட்டால் அந்த வாசனைக்கே வந்து கூடும், பொறுக்கி அழிக்கலாம். இதையெல்லாம் சொல்ல தோகைமலைச் சாலையில், தாயனூரில், 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நமக்குத்தான் வாட்ஸ்அப் இருக்கிறதே.

வாங்கிய பொறி வீணாகக் கூடாதென்றால் பயிரை மாற்றுங்கள். கத்தரி போடுங்கள். கத்தரியில் தண்டையும் காயையும் துளைப்பது அந்துப்பூச்சியின் புழுதான். உள்ளே புகுந்துவிட்டால் மருந்து எட்டாது. ஏக்கருக்கு 5 பொறி, செடிக்குச் சற்று மேலே. வாடிய நுனிகளைக் கிள்ளி அழிப்பதும் சேர்ந்தால்தான் பலன். லூரை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் பொறியைத் திருஷ்டி பொம்மைக்குப் பக்கத்தில் கட்டிவிடலாம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்.

இன்னொரு சங்கடம். விழுவதெல்லாம் ஆண்கள். தப்பிய ஒருவன் பல பெண்களோடு கூடுவான். அடுத்த வயலில் காரியம் முடித்த பெண்ணோ நேரே உங்கள் செடிக்கு வந்து முட்டையிடுவாள். அதனால் அமெரிக்க, ஐரோப்பிய ஆப்பிள் தோட்டங்களில் காட்லிங் அந்துப்பூச்சிக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள்: பிடிப்பதில்லை, தோட்டம் முழுக்க அந்த வாசனையைப் பரப்பிவிடுகிறார்கள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ரங்கவிலாச மண்டபத்தருகே மனைவியைத் தொலைத்தவர் நிலைதான் ஆண் பூச்சிக்கு. எங்கு திரும்பினாலும் மல்லிகைப்பூ, அவள் மட்டும் இல்லை.

ஒற்றை ஏக்கரில் இது பலிக்காது. சுற்றியிருக்கும் தோட்டங்களும் சேர வேண்டும். பேசப் போகும்போது வாய்க்கால் முறைத் தண்ணீர் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.