தோற்கத் தெரிந்தவர் தேவை

வளரும் குத்துச்சண்டை வீரருக்கு எதிராளி தேடுவது, வரன் பார்ப்பதைவிட நுணுக்கமான வேலை. வருகிறவர் முதல் நிமிடத்திலேயே சுருண்டு விழக் கூடாது. பையனுக்குப் பயிற்சியும் கிடைக்காது, டிக்கெட் வாங்கியவர்களும் முணுமுணுப்பார்கள். அதற்காக ஜெயித்துவிடவும் கூடாது. கையில் பலம் குறைந்து, தாடையில் உறுதி மிகுந்த ஆளாக இருந்தால் உத்தமம்.

மைக் டைசனை 1985-ல் மட்டும் 15 முறை மேடையேற்றினார்கள். பதினைந்தும் நாக் அவுட். மறு வருடம் மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸ் பத்துச் சுற்றும் தாக்குப்பிடித்த பிறகுதான், புள்ளிக் கணக்கு என்று ஒன்று இருப்பதே டைசனின் ஏட்டில் பதிவானது. அது அவருக்கு 20-வது போட்டி.

எதிராளிகளில் சிகரம் பர்மிங்காமின் பீட்டர் பக்லி. 1989 முதல் 300 போட்டிகள், அதில் 256 தோல்விகள். பின்னாளில் உலகச் சாம்பியனான நசீம் ஹமீதுக்கே இருமுறை எதிரே நின்றவர். ஆனாலும் நாக் அவுட் ஆவது அபூர்வம். விழுந்தால் மருத்துவ விதிப்படி கட்டாய ஓய்வு. அடுத்த வாரக் கூலி போய்விடுமே! 2008-ல் கடைசிப் போட்டியில் ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். அதே போக்கில் தொடர்ந்திருந்தால் கிராக்கி குறைந்திருக்கும்.