சுகர் இருக்கா?

எங்கள் ஊர் மளிகைக் கடையில் யாரும் ஒரு கிலோ சுகர் கேட்டதாக நினைவில்லை. பொட்டலத்தில் கட்டித் தந்தால் அது சீனி. சுகர் என்பது ரத்தத்தில் இருப்பது. வீடு இருக்கு, நிலம் இருக்கு என்பதுபோலவே "எனக்கு சுகர் இருக்கு" என்கிறோம். "பதினைஞ்சு வருஷமா இருக்கு" என்று சொல்பவரின் குரலில் சீனியாரிட்டி தெரியும்.

காலையில் பூங்காவில் நடப்பவர்கள் வணக்கத்துக்குப் பதில் எண்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். "வெறும் வயித்துல நூத்தி நாப்பது." "எனக்கு இருநூறைத் தாண்டிருச்சு சார்." மார்க் குறைந்தால் தலை நிமிரும் பரீட்சை இது ஒன்றுதான்.

பரீட்சை என்றால் தில்லுமுல்லும் உண்டு. டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து எங்கள் பெரியப்பா பாகற்காய்ச் சாறும் கம்பங்கூழுமாக முனிவராகிவிடுவார். ரத்தம் கொடுத்த கையில் பஞ்சை அழுத்தியபடியே நேராக ஓட்டலுக்குப் போய் அல்வாவில் விரதம் முடிப்பார். ரிசல்ட் எப்போதும் நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து. சந்தேகப்பட்ட டாக்டர் ஒருநாள் ஹெச்பிஏ1சி எழுதிக் கொடுத்தார். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரை லேசில் விடாது. ஆகவே இரண்டு மூன்று மாதச் சராசரி அப்படியே வந்துவிடும். 6.5 வந்தாலே சுகர் என்பார்கள். பெரியப்பாவுக்கு 8.9.

"ஆவணியில சாப்பிட்ட கல்யாணச் சாப்பாட்டுக்கு ஐப்பசியில கணக்குக் கேட்டா என்ன நியாயம் டாக்டர்? பழைய டெஸ்டே போதும், அது நல்லாத்தான் இருந்துச்சு."

அன்றிலிருந்து டீக்கடையில் அவர் 'வித்தவுட்' கட்சி. "ஒரு வித்தவுட், ரெண்டு சுழியம்" என்பார். டீயில் சீனி கிடையாது, அதில் கண்டிப்பானவர். சுழியத்துக்குள் இருப்பது வெல்லம்; வெல்லம் சுகரில் சேராது என்பது அவர் சித்தாந்தம். ரத்தத்துக்கு அந்த பேதம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தோம். "உனக்கு சுகர் இருக்கா? இல்லைல்ல? அப்ப பேசாம இரு" என்றார். அனுபவஸ்தரிடம் என்ன வாதாடுவது?

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். 1921இல் இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரெடரிக் பான்டிங் பிறந்த தேதி அது. நேருவும் அன்றே பிறந்துவைத்ததால் நம் பள்ளிக்கூடங்களில் குழந்தைகளுக்கு மிட்டாயும் லட்டும் கொடுக்கிறார்கள். பேரன் லட்டோடு வீட்டுக்கு வந்தால் பெரியப்பா வாசலிலேயே நிற்பார். பிள்ளைக்குப் பல் சொத்தையாகிவிடுமே என்ற அக்கறையில் பாதியை வாங்கிக்கொள்வார்.