கூப்பே ஏட்டில் இடைச்செருகல்கள்: ஒரு மூலபாட ஆய்வு

பாயிரம்

பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர், மூலம் எது, பின்னால் வந்தவர் நுழைத்தது எது என்று பிரித்தறிவதற்குள் கண்பார்வையில் பாதியை இழந்துவிடுகிறார்கள். அதே அளவு உழைப்பைக் கோரும் இன்னொரு ஏட்டுவகை, அமெரிக்க வீடுகளின் கார்க் கொட்டகைகளில் ஆய்வாளர் எவரும் எட்டிப் பாராமல் கிடக்கிறது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, பின்னிருக்கை இருந்தும் அதில் ஆள் அமர இயலாமை ஆகிய மூன்றும் பொருந்தியதைக் கூப்பே என்ப. ஷோரூமை விட்டு வெளியே வரும் கணத்தில் அது மூலபாடம். உரிமையாளர் வீடு சேர்வதற்குள் முதல் இடைச்செருகலுக்கு ஆர்டர் போயிருக்கும்.

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட ஏடு, 2012-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த இரட்டைப் பிறவி: சயான் எஃப்ஆர்-எஸ், சுபாரு பிஆர்இசட். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த இவ்விரண்டும் ஜப்பானில் சுபாருவின் குன்மா ஆலையில் பிறந்தவை. பாடபேதங்கள் முகப்பிலும் ஸ்பிரிங்கிலும் சிறிதளவே உண்டு. சயான் என்ற பெயரை 2016-இல் டொயோட்டா கைவிட்டதும் முன்னது டொயோட்டா 86 ஆயிற்று. எஃப்ஆர்-எஸ்ஸின் தொடக்க விலை 25,000 டாலருக்கு ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. அந்த மயிரிழையில்தான் பல குடும்பங்களின் சம்மதம் தொங்கியது.

ஆய்வின் கருதுகோள் இது: காரில் செய்யப்படும் ஒரு மாற்றம் பிறர் கண்ணுக்கும் காதுக்கும் எவ்வளவு எட்டுகிறதோ, கடிகாரத்துக்கு அவ்வளவு எட்டாமல் போகிறது.

களம்

ஆட்டோகிராஸ் என்பது, பயனற்றுக் கிடக்கும் விமான ஓடுதளத்திலோ வணிக வளாகத்தின் அகன்ற கார் நிறுத்தத்திலோ ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து நெளித்து வைத்து, அவற்றுக்கிடையே ஒருவர்பின் ஒருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் விளையாட்டு. ஒரு கோனைச் சாய்த்தால் 2 விநாடி தண்டம். வழி தவறினால் அந்த ஓட்டமே செல்லாது. 1944-இல் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப், அதாவது எஸ்சிசிஏ, இதற்கு ஒரு தடித்த விதிநூல் வைத்திருக்கிறது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் செப்டம்பர் தோறும் தேசியப் போட்டியும் நடத்திவருகிறது.

ஓர் ஓட்டம் ஏறத்தாழ ஒரு நிமிடம். நாளொன்றுக்கு நாலைந்து ஓட்டம் கிடைக்கும். மீதி நேரத்தில் ஒரு பகுதி, வெயிலில் நின்று பிறர் சாய்த்த கோன்களை ஓடி ஓடி நிமிர்த்தும் கடமைக்கு உரியது. போட்டியாளர்களே இதைச் செய்ய வேண்டும். ஆக, விடியலில் வந்தவர் சாயங்காலம் வரை இருந்து ஐந்து நிமிடம் கார் ஓட்டுகிறார். உலகின் எந்தச் சமயத்திலும் தரிசனத்துக்கும் காத்திருப்புக்கும் இத்தகைய விகிதம் இருப்பதாகத் தெரியவில்லை.

டிராக் டே வேறு. பந்தயத் தடத்தை நாள்வாடகைக்கு எடுத்து, இருபது நிமிடத் தவணைகளாக ஓட்டுவார்கள். பரிசும் இல்லை, பட்டமும் இல்லை. புதியவருக்குப் பக்கத்து இருக்கையில் ஹெல்மெட் அணிந்த ஆசான் ஒருவர் அமர்ந்து, உயிர்ப்பயத்தை அடக்கிக்கொண்டு பாடம் நடத்துவார்.

மூலபாடத்தின் கருத்து

ஏட்டைத் திருத்துமுன் ஏட்டாசிரியர் என்ன நினைத்தார் என்று பார்ப்பது ஆய்வு மரபு. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு, பின்னிருக்கையை மடக்கினால் நான்கு பந்தய டயர்களும் கருவிகளும் அடங்கும்படி இந்தக் காரைத் திட்டமிட்டது. இடைச்செருகலுக்கு ஆசிரியரே இடம் விட்டு எழுதிய நூல் என்ற வகையில் இது தனித்து ஆராயத்தக்கது.

அதைவிட நுட்பமானது டயர். 200 குதிரைத்திறன் கொண்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு, சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காரின் 17 அங்குல வகையில் வந்த அதே மிஷெலின் பிரைமசி டயரை, 215 மில்லிமீட்டர் அகலத்தில் மாட்டி அனுப்பினார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அது திட்டம். பிடிப்பு குறைந்தால் குறைந்த வேகத்திலேயே வால் வழுக்கும். ஓட்டுபவர் பெரிய ஆபத்தில்லாமல் வண்டியின் குணத்தைப் படித்துக்கொள்ளலாம். முதல் உரையாளர்களான உரிமையாளர்கள் இந்த அங்கதத்தை ஏடெழுதியவரின் கைப்பிழை என்று கொண்டு, ஒரே வாரத்தில் திருத்தினார்கள்.

கடிகாரத்தின் பக்கம் நின்று பார்த்தால் அவர்கள் செய்தது சரிதான். டயரைப்போல நேரத்தைக் குறைக்கும் மாற்றம் வேறில்லை. தரையைத் தொடும் உறுப்பு அது ஒன்றே. ஆனால் இங்கும் ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. எஸ்சிசிஏயின் தெருக்கார் வகுப்புகளில் டயரின் தேய்மான எண் குறைந்தது 200 இருக்க வேண்டும். எண் கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும், பிடிப்பும் பொதுவாகக் குறையும். 200 என்றால் ஒப்பீட்டு டயரைவிட இரு மடங்கு உழைக்கும் என்று பொருள். அந்த எண்ணைப் பொறிப்பவர் யார் என்றால், டயரைச் செய்தவரே. பிறகென்ன, பக்கவாட்டில் 200 என்று எழுதியிருக்கும், தரையில் பசைபோல ஒட்டும், சில மாதங்களில் வழுவழுப்பாகிவிடும் டயர்கள் சந்தையில் பெருகின. பிறந்த தேதியைச் சொந்தக் கையால் எழுதிக்கொள்ளும் சலுகை கிடைத்தால் யாருக்குத்தான் வயது ஏறும்!

சுமை கணக்கு

அடுத்த இடைச்செருகல் தாழ்த்தும் ஸ்பிரிங். சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையே உள்ள வெற்றிடம் உரிமையாளரை உறங்கவிடுவதில்லை. வெற்றிடத்தைக் குறைப்பதே நோக்கம். காரணம் கேட்டால் பௌதிகம் என்பார். ஆகவே பௌதிகத்தையே பார்ப்போம்.

காரின் எடை ஏறத்தாழ 1,250 கிலோ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 460 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரெதிரே படுத்துக்கொண்டு குத்திக்கொள்ளும் பிஸ்டன்களுடைய எஞ்சின் என்பதால் இந்தத் தாழ்வு. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே சுமார் 1,530 மில்லிமீட்டர். வளைவில் புவியீர்ப்புக்கு நிகரான பக்கவிசை பிறக்கையில், எடையை உயரத்தால் பெருக்கி அகலத்தால் வகுத்தால், உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் சுமை சுமார் 375 கிலோ. நேரே நிற்கையில் பக்கத்துக்கு 625 கிலோ தாங்கிய டயர்கள், வளைவில் வெளியே 1,000, உள்ளே 250 என்று ஆகின்றன. இந்தக் கணக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க. விறைத்த ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் அந்த 375 கிலோவில் முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவு என்று பாகப்பிரிவினை செய்யும். சொத்தின் மொத்தத்தைக் குறைக்க அவற்றால் ஆகாது.

தாழ்த்தினால் குறையுமே என்பது எதிர்வாதம். குறையும். 25 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 20 கிலோ குறையும். அதற்கு ஈடாக, முன்பக்கத்து மெக்பெர்சன் ஸ்ட்ரட்டின் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்ந்து, வளைவில் டயர் தன் வெளிவிளிம்பில் ஏறி நிற்கும் பழக்கம் கூடும். இதற்கிடையில் விதிநூல் வேறு காத்திருக்கிறது. எஸ்சிசிஏயின் தெரு வகுப்பில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம், ஆன்டி-ரோல் பார் ஒன்றை மாற்றலாம், பிரேக் பேடை மாற்றலாம், ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. அழகுக்காகத் தாழ்த்தியவர் மேல்வகுப்புக்குத் தள்ளப்படுகிறார். அங்கே அகன்ற சக்கரமும் உயரம் திருகும் காயிலோவரும் மாற்றிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுமாகக் காலங்காலமாகத் தவம் செய்தவர்கள் இவருக்காகக் காத்திருக்கிறார்கள். நானூறு டாலர் ஸ்பிரிங் ஒன்று நாலாயிரம் டாலர் தேவைகளைப் பெற்றெடுப்பது இவ்வாறே.

அதே முன்சக்கரத்தில் கேம்பரை, அதாவது டயரின் தலையை உட்பக்கம் சாய்க்கும் கோணத்தை, இரண்டு அல்லது இரண்டரை டிகிரி கூட்டினால் வளைவில் டயரின் முழு அகலமும் தரையில் படும். இதற்கான போல்ட்டுகளின் விலை சில பத்து டாலர்கள். வீல் அலைன்மென்ட் கடைக்காரரைத் தவிர அதை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் கடைசியாகச் செய்யப்படுகிறது.

ஒலியியல்

சைலன்சர் மாற்றம் இடைச்செருகல்களுள் தொன்மையானது. வினையூக்கிக்குப் பின்னுள்ள குழாயை மட்டும் மாற்றினால் கிடைக்கும் குதிரைகள் மிகச் சில; அவையும் குட்டிகள். இந்த எஞ்சினுக்கு 4,000 சுற்றின் அக்கம்பக்கத்தில் இழுவை திடீரென்று தொய்யும் குணம் உண்டு. அதை நிமிர்த்த மேனிஃபோல்டையும் எஞ்சின் கணினியின் மென்பொருளையும் மாற்ற வேண்டும். பின்குழாயை மாற்றியவருக்குக் கிடைப்பது, தொய்வை இன்னும் உரக்கக் கேட்கும் வாய்ப்பு.

கலிபோர்னியாவின் லகுனா செக்கா தடத்தில் இந்த இயல் உச்சத்தை அடைகிறது. அண்டை வீட்டார் முறையீட்டால் அங்கே பெரும்பாலான நாள்களில் 90 டெசிபலை ஒட்டிய வரம்பு உண்டு. தடத்தோரம் அளவுகருவி வைத்திருக்கிறார்கள். மீறினால் கறுப்புக் கொடி காட்டி உள்ளே அழைத்துவிடுவார்கள். ஆயிரம் டாலர் கொடுத்துச் சத்தம் வாங்கியவர், அந்தச் சத்தத்தைக் கருவி இல்லாத பக்கம் திருப்பிவிட வளைந்த குழாய் ஒன்றை மேலும் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார். மூலம், உரை, உரைக்கு மறுப்புரை என மூன்றும் ஒரே காரில் காணக் கிடைப்பது இங்குதான்.

பின்னிறகைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். தடத்தில் 200 கிலோமீட்டர் வேகத்தில் இறகு தரும் அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்குதான் ஆட்டோகிராஸ் வளைவின் 50 கிலோமீட்டரில் கிடைக்கும். துணி உலர்த்த மட்டும் நன்று.

கரந்துறையும் உறுப்புகள்

இனி ஒருவரும் புகைப்படம் எடுக்காத பொருள்களுக்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் அதே விதி கேட்பது வெறும் 140. பந்தய வகை ஆயில்கள் புதிதில் 300-ஐத் தாண்டும். தடத்தில் நேர்வழியின் முடிவில், சுற்றுக்குச் சுற்று மிதிக்கும்போது காலிபர் கொதித்தால் ஆயில் ஆவியாகும், ஆவி அமுங்கும், மிதி தரைவரை போகும், கார் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்து இருக்கை ஆசானின் முகம் காணத்தக்கது. ஒரு புட்டி ஆயில், தடத்துக்கேற்ற பேட், ஒரு மாலைப்பொழுது உழைப்பு, அவ்வளவே செலவு. வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது.

ஆனால் அந்தப் பேட் ஆட்டோகிராஸுக்குச் சரிவராது. சூடேறாமல் கடிக்காது, ஒரு நிமிடத்தில் சூடேறாது. ஒரே நிமிடத்தில் ஒட்டும் டயர், இருபது நிமிடத் தவணையில் குழைந்துபோகும். இரண்டுக்கும் ஏற்ற பேட், திங்கட்கிழமை அலுவலகம் போகையில் ஒவ்வொரு சிக்னலிலும் கீச்சிடும். ஆட்டோகிராஸ், தடம், அலுவலகம் மூன்றுக்கும் ஒரே கார் என்று வீட்டில் சொல்லி வாங்கியவர் இந்த முரணை வாங்கிய பின்பே கண்டறிகிறார். பெரும்பாலோர் கண்ட தீர்வு: இரண்டாவது டயர் தொகுதி, மூன்றாவது பேட் தொகுதி, பிறகு இவற்றை வைக்கக் கொட்டகையில் அலமாரி. அலமாரியும் இடைச்செருகல் கணக்கில் சேரும்.

ஓட்டுநரைப் பற்றிய சான்றுகளும் உள. ஆட்டோகிராஸ் களத்தில் ஒரே காரை இருவர் மாறி மாறி ஓட்டுவது வழக்கம். அனுபவசாலி ஒருவரிடம் சாவியைக் கொடுத்தால், அதே டயர், அதே தார், அதே வெயிலில் மூன்று விநாடி குறைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "நல்ல கார்" என்று சொல்லிப் போவார். இந்த ஒப்பீட்டைச் செய்யும் உரிமையாளர்கள் மிகக் குறைவு. இந்தக் கார் பெயரைக் கடன்வாங்கிய பழைய டொயோட்டா ஏஇ86 காரை நாயகனாகக் கொண்ட இனிஷியல் டி என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையில், டோஃபு கடைக்காரர் தம் மகன் ஓட்டும் காரில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, சிந்தாமல் மலைப்பாதையில் ஓட்டிவரச் சொல்கிறார். அந்தக் கதையைப் படித்து வளர்ந்தவர்களே கதவில் அந்தக் கடையின் பெயரை ஒட்டிக்கொள்கிறார்கள். குவளை வாங்கியவர் அரிது.

மூலபாட மீட்பு

ஒரு நாள் கார் விற்பனைக்கு வரும். அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மாக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, வெளிச்சந்தை உதிரி மாட்டியதால் மட்டுமே உத்தரவாதத்தை மறுக்க இயலாது. அந்த உதிரிதான் பழுதுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். சட்டம் இருந்தாலும் உரிமையாளர்கள் ஆலை உதிரிகளைப் பெட்டி கட்டிப் பரணில் வைத்திருப்பார்கள். விற்பனைக்கு முந்தைய வாரக்கடைசியில் அவை இறங்கும். இடைச்செருகல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பாதி விலைக்குப் போகும். கார் மீண்டும் மூலபாடமாகி, "ஆலையிலிருந்து வந்தபடியே, தடம் ஏறாதது" என்ற விளம்பரத்தோடு நிற்கும்.

தேர்ந்த ஆய்வாளரை இது ஏமாற்றாது. சக்கரவளைவின் உள்ளே ஒட்டிக் காய்ந்த ரப்பர் துணுக்குகள், முனை மழுங்கிய ஸ்ட்ரட் போல்ட், கதவில் போட்டி எண் ஒட்டிய நாடாவின் பசைத் தடம், பம்பரின் ஓரத்தில் கோன் விட்டுச்சென்ற ஆரஞ்சுக் கீற்று என உட்சான்றுகள் ஏராளம். வாங்க வருபவர் இவற்றில் எதையும் குனிந்து பார்ப்பதில்லை. எஞ்சினை இயக்கச் சொல்லி, காதைச் சாய்த்து, இதற்குச் சைலன்சர் மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்.