தப்பித்தவர் ஒருவர், சிக்கியவர் ஒருவர்

கேள்வி: மாசிமகத்துக்குச் சன்னாசிமலை போகிறவர்களின் பெயர்ப் பட்டியலுக்காக விண்டோஸ் ஃபார்ம்ஸில் சின்னதாக ஒரு செயலி எழுதுகிறேன். லிஸ்ட் பாக்ஸில் முதல் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து நீக்கினால் இரண்டாமவர் தப்பிவிடுகிறார். சம்பந்தமே இல்லாத ஐந்தாமவர் காணாமல் போகிறார். முருகன் சோதனையா?
– கல்லூரி மாணவி, ஆயர் குரோ

பதில்: முருகனை விடுங்கள், அவருக்குக் காவடி வேலையே தலைக்கு மேல் இருக்கும். 0, 1, 2 என்று வரிசை எண்களைக் குறித்துக்கொண்டு மேலிருந்து நீக்கியிருப்பீர்கள். ஆயர் குரோ டோல் சாவடியில் முன்வண்டி போனதும் பின்வண்டி நகர்வதுபோல, 0 போனதும் இரண்டாமவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். அடுத்து நீங்கள் 1 என்றபோது சிக்கியவர் மூன்றாமவர். பிறகு 2 என்றீர்கள், ஐந்தாமவர் அவுட். கடைசி எண்ணிலிருந்து மேல்நோக்கி நீக்கிப் பாருங்கள், அப்பாவிகள் பிழைப்பார்கள்.

இன்னொன்று. யாரையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்தும் புண்ணியவான் கோயில் கமிட்டியில் கட்டாயம் இருப்பார். அப்போது செலக்டட் இண்டெக்ஸ் -1. அதைச் சோதிக்காமல் நீக்கப் போனால் செயலி படுத்துவிடும்.

தேர்வு மாறும்போது ஓடும் நிகழ்வையும் கவனியுங்கள். பழைய வின்32 லிஸ்ட் பாக்ஸ், பயனர் தேர்வை மாற்றினால்தான் சேதி சொல்லும். நிரலே தேர்வை மாற்றினால் வாய் திறக்காது. விண்டோஸ் ஃபார்ம்ஸ் அப்படியல்ல, யார் மாற்றினாலும் கூவும். லிஸ்ட் வியூவோ பழைய தேர்வு போனதற்கு ஒரு முறை, புதியது வந்ததற்கு ஒரு முறை என்று இரண்டு தடவை கூவும். நீக்கும் நிரலை மட்டும் அந்த நிகழ்வுக்குள் வைத்துவிடாதீர்கள்!