உமிச்சாம்பலில் வீடு கட்டலாமா?

கேள்வி: சீமெந்து விலை தலையைச் சுற்றுகிறது. நெல் ஆலைச் சாம்பலைக் கலந்து கொங்கிறீட் போடலாமா? (வாசகர், பெரியநீலாவணை)

பதில்: போடலாம், ஆனால் கண்ட சாம்பலையும் அள்ளிக் கொட்டினால் வீடு எழும்பாது, வழக்குத்தான் எழும்பும். நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பல் ஏற்கெனவே உள்ளூர்ச் சீமெந்தில் சேர்கிறது. உமி மட்டும் என்ன பாவம் செய்தது? சுமார் 600 பாகை செல்சியஸில் பக்குவமாக எரித்து, மா போல் அரைத்தால், அதிலுள்ள சிலிக்கா சீமெந்தின் சுண்ணாம்போடு வினைபுரிந்து நுண்துளைகளை அடைக்கும். உப்புக்காற்றில் கம்பி துருவேறும் நம் கரைக்கு அதுதான் மருந்து. பலம் குறையாதா என்பீர்கள். சீமெந்தில் பத்திலொரு பங்கை மாற்றினால் பெரும்பாலும் குறையாது; கரி மிஞ்சிய சாம்பலும் அளவுக்கு மீறி வெந்த சாம்பலும்தான் காலை வாரும். ஆகவே கனக்கட்டி வார்த்து, 28 நாள் நீரில் ஊறவிட்டு, இயந்திரத்தில் நசுக்கிப் பாருங்கள். மேசன் சமாளிப்பார், கட்டிக்குச் சமாளிக்கத் தெரியாது.